படியில் வைத்த விளக்கு

அத்தியாயம் பதினேழு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே நிலாந்தியின் வட்டத்தில் சண்டை ஆரம்பித்துவிட்டது.

சண்டை கைபேசியில்தான். ஆனால் குசுமா தேங்காய் துருவிக்கொண்டிருந்த மேடையில் அந்தக் கைபேசி நிமிடத்துக்கு ஒரு தரம் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, துருவலுக்குள் விழப் பார்த்தது.

'அப்பா விளக்கை வைத்தது இரண்டாம் படியில். மேல்படியில் வைத்திருந்தால் அது அழைப்பு. இரண்டாம் படியில் வைத்ததால் அது அனுமதி மட்டும். டைரக்டரின் நுட்பமே அங்கேதான் இருக்கிறது' என்று எழுதியிருந்தார் ஓய்வுபெற்ற பள்ளி அதிபர் விமலரத்ன சேர்.

'இடது கையால் வைத்தார் என்பதை மறக்க வேண்டாம். வலது கை மகளை அடித்த கை' என்று கீழே போட்டிருந்தாள் தையற்கடை ரஞ்சனி.

'மறக்கவில்லை. நான்தான் போன மாதம் அதைச் சொன்னேன்' என்று சேர் திரும்பவும் வந்திருந்தார்.

குசுமா படித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். இரண்டாம் படி என்று அவள் சொன்னதே இல்லை. படி என்றுதான் சொன்னாள். இடது கையும் அவள் சொன்னதில்லை. அதெல்லாம் ஊர் பிற்பாடு சேர்த்துக்கொண்டது.

தொடர்ந்து வருகிறவர்களுக்கு இந்த வட்டத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த வாரம்தான் பொல்வத்தைக் கிராமத்துக்குள் காலடி வைக்கிறீர்கள் என்றால், கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். குசுமாவின் நாத்தனார் நிலாந்தி நடத்துகிற 'பழைய நாடகப் பிரியர் வட்டம்' மாதத்தில் ஒரு ஞாயிறு விகாரையின் அறநெறிப் பள்ளி மண்டபத்தில் கூடும். ஒருவர் எழுந்து தனக்குப் பிடித்த காட்சியைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த பிறகுதான் அதைத் திரையில் காட்டுவார்கள். முதலில் வாய், பிறகு திரை. நிலாந்தி போட்ட சட்டம் அது. வாய் சொன்னதற்கும் திரை காட்டியதற்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை வைத்து ஒரு மணி நேரம் மென்று தின்பார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த வட்டத்துக்குப் புதையல் கிடைத்தது. 'நெல் காயும் முற்றம்' என்ற தொலைக்காட்சி நாடகத்தின் கடைசி வாரம். இருபத்தெட்டு வருடத்துக்கு முன் ஒரே ஒரு தடவை காட்டப்பட்டு, மூல நாடாவும் அழிந்துபோய், இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்ட வாரம். அதில் வேலை பார்த்த ஒலிப்பதிவாளரின் மனைவி, அலமாரி ஒழித்தபோது அகப்பட்ட கேசட்டைக் கொழும்பில் ஒரு ஸ்டூடியோவுக்கு அனுப்பினாள். அந்த ஸ்டூடியோவில் வேலை பார்ப்பது வேறு யாருமில்லை, குசுமாவின் மகள் தினூஷா.

இன்று பிற்பகல் நான்கு மணிக்குக் காட்டுகிறார்கள். எழுந்து நின்று காட்சியைச் சொல்லப் போகிறவள் நிலாந்தி.

குசுமாவுக்கு மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை.

"அம்மா, கொஞ்சம் வாங்க."

தினூஷா மடிக்கணினியோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் மாலை பஸ்ஸில் வந்து இறங்கியவள், இன்னும் தலையைக்கூட வாரவில்லை.

"கேசட் முழுசா இல்லன்னு நெனைக்கிறேன். கடைசியில விளக்கு சீன் வரல. பேரெல்லாம் ஓடி முடியுது, ஆனா விளக்கு படிக்கு வரவே இல்ல. நடுவுல எங்கயாவது தேஞ்சு போயிருக்குமோன்னு ரெண்டு தடவ பாத்துட்டேன். அப்படி ஒரு வெட்டும் தெரியல."

குசுமா கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"விளக்கு வருதா இல்லையா?"

"வருது. அப்பாக்காரர் கையில எடுக்கறார். மக முற்றத்துல நிக்கிறா. அவரு கதவப் பாக்கறார். அப்புறம் ஊதி அணைச்சிடறார். வீடு இருட்டாப் போகுது. அவ காயப் போட்ட நெல்லு மேலயே நடந்து போயிடறா. அவ்வளவுதான்."

"ஆமா, அவ்வளவுதான்."

"என்ன ஆமா?"

"அதுதான் முடிவு. கேசட் சரியாத்தான் இருக்கு."

தினூஷா அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தப் பெண் பிறந்ததிலிருந்து அந்த விளக்குக் காட்சியைக் கேட்டு வளர்ந்தவள். அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறாள், அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாள், பள்ளியில் விமலரத்ன சேர் பாடத்தின் நடுவில் சொல்லிக் கேட்டிருக்கிறாள். படம் வெட்டி ஒட்டும் தொழிலுக்குப் போனதற்கே அந்தக் காட்சிதான் காரணம் என்று ஒரு தரம் பேட்டியில் வேறு சொல்லியிருக்கிறாள்.

"அம்மா, உக்காருங்க. எனக்கு விளங்கற மாதிரி சொல்லுங்க."

குசுமா உட்கார்ந்தாள். இருபத்தெட்டு வருடம் வாயைத் திறக்காதவள், சொல்ல ஆரம்பித்தபோது விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதுவே அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

அந்த வருடம் மழை பொய்த்தது. ஊருக்கு ஊர் முறை வைத்து மின்சாரத்தை நிறுத்தினார்கள். அந்த வாரம் புதன்கிழமை மாலை பொல்வத்தையின் முறை. அந்தப் புதன்தான் நாடகத்தின் கடைசி வாரம். ஆறு மாதமாக அந்த நாடகத்தைப் பார்த்துச் சாப்பாட்டைத் தீய விட்ட ஊர், முடிவைப் பார்க்க முடியாமல் இருட்டில் உட்கார்ந்து திட்டியது. குசுமா மட்டும் காலி நகரத்தில் அக்கா வீட்டில் இருந்தாள். அங்கே மின்சாரம் இருந்தது. அவள் பார்த்தாள்.

மறுநாள் காலை பொல்வத்தைக்குத் திரும்பியதும் ஊர்ப் பெண்கள் பதினைந்து பேர் சமையற்கட்டுக்குள் புகுந்துவிட்டார்கள். முடிவைச் சொல், முடிவைச் சொல் என்று பிய்த்தெடுத்தார்கள். அன்று காலைதான் மாமனார் பியதாசவும் நிலத் தகராறு ஒன்றை முடித்துக்கொண்டு வெளியூரிலிருந்து வந்திருந்தார். சமையற்கட்டுக்கு அடுத்த அறையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார்.

நிலாந்தி வீட்டை விட்டுப் போய் அப்போது பதினான்கு மாதம். ஒரு பஸ் கண்டக்டரைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். அவள் பேரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று மாமனார் சொல்லியிருந்தார். யாரும் எடுக்கவில்லை. நாடகத்திலும் ஒரு மகள் அப்படியே போயிருந்தாள். அதனால் புதன்கிழமை தோறும் அந்த மனிதர் நாடகத்தைப் பார்க்காதது போல் பார்ப்பார்.

"நான் சரியாத்தான் சொல்லிட்டு வந்தேன் மகளே. மக வந்து நிக்கிறா, அவரு விளக்க எடுக்கறாருன்னு. அப்ப அடுத்த ரூமுல பேப்பர் சத்தமே கேக்கல. பக்கம் திருப்பற சத்தம் நின்னு போச்சு. அந்த மனுஷன் மூச்சு விடாமக் கேக்கறாருன்னு எனக்குத் தெரிஞ்சிது. அந்த நேரத்துல ஊதினாருன்னு சொல்ல என் வாய் வரல."

"அதனால?"

"கதவத் திறந்து விளக்கப் படியில வெச்சிட்டு, ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டாருன்னு சொன்னேன். கதவு திறந்தே இருந்துதுன்னு சொன்னேன்."

தினூஷா மடிக்கணினியை ஒதுக்கித் தள்ளினாள்.

அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். மூன்று வாரம் கழித்துப் பொசொன் பௌர்ணமி அன்று நிலாந்தி கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். நாடகத்தின் முடிவை யாரோ அவளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். அந்தத் தைரியத்தில்தான் வந்தாள். பியதாச எழுந்தார். குப்பி விளக்கை எடுத்தார். கொண்டுபோய்ப் படியில் வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். கதவு திறந்தே இருந்தது.

"இப்ப அவ என்ன நெனப்பா? அவங்க அப்பா அவளை மன்னிச்சதே நான் விட்ட கதையிலன்னு தெரிஞ்சா? அவரு உயிரோட இருந்தாலாவது போய்க் கேப்பா. அவரு போயும் ஆறு வருஷம் ஆச்சு. அந்தப் பொண்ணு ஒவ்வொரு மாசமும் எழுந்து நின்னு, எங்க அப்பாவ ஒரு நாடகம் மாத்திச்சுன்னு சொல்றா. நாடகம் மாத்தல, அண்ணியோட பொய்தான் மாத்திச்சுன்னு நாலு பேர் முன்னால தெரியப் போகுது."

இந்த வீட்டில் குசுமாவுக்குப் புருஷனை விட நெருக்கம் நிலாந்திதான். புருஷன் ஜயந்த நல்ல மனிதர், ஆனால் கறுவாத் தோட்டமும் கொட்டாவியும் தவிர வேறு பேச்சு இல்லாதவர். குசுமா தான் பிறந்த ஊரான பத்தேகமப் பக்கம் போவதே இல்லை. ஏன் என்று இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவளுக்குப் பிறந்த வீடும் சேர்த்து நிலாந்திதான்.

தினூஷா குரலைத் தாழ்த்தினாள்.

"அவரு விளக்க எடுத்துக் கதவப் பாக்கற இடத்துல நிறுத்திட்டா? அதோட நாடா தேஞ்சு போச்சுன்னு சொல்லிடலாம். அஞ்சு நிமிஷ வேலை. யாருக்கும் ஒண்ணும் போகாது."

குசுமா வேண்டாம் என்று சொல்லவில்லை. தினூஷா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். தேங்காய்த் துருவல் காய்ந்து போனதுதான் மிச்சம்.

மண்டபத்தில் அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள். தொண்ணூறு பேர் வந்திருந்தார்கள். சுவரில் அறநெறிப் பள்ளிப் பிள்ளைகள் வரைந்த தாமரைகளுக்கு நடுவில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. மீன் அடைத்த பனிஸ் ரொட்டியும் டொபி மிட்டாயும் பின்பக்க மேசையில் ஈ மொய்க்காமல் மூடி வைத்திருந்தன. விமலரத்ன சேர் முதல் வரிசையில் கையில் குறிப்புத் தாளோடு இருந்தார். அவர் எதற்கும் குறிப்பு வைத்திருப்பார். கல்யாண வீட்டில் வாழ்த்தக்கூடக் குறிப்பு உண்டு.

தினூஷா கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று முழுசு, ஒன்று வெட்டினது. அவள் அடிக்கடி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

நிலாந்தி எழுந்தாள். ஐம்பத்து மூன்று வயது. பழுப்பு நிறப் புடவை, ஒற்றைப் பின்னல். ஒலிபெருக்கியை வேண்டாம் என்று தள்ளி வைத்தாள்.

"இந்த சீனை நான் எத்தனை தடவ சொல்லியிருக்கேன்னு உங்களுக்கே தெரியும். ஆனா இன்னிக்கி வரைக்கும் நான் பாத்ததில்ல. அண்ணியத் தவிர நம்மள்ல யாரும் பாத்ததில்ல."

"நான் பாத்திருக்கேன்" என்றார் சேர்.

"சேர் பாத்திருக்காராம்" என்று நிலாந்தி சிரித்தாள். "பாக்காம இவ்வளவு வருஷம் ஒரு சீனைப் பத்தி வாதாடின ஊரு நம்ம ஊராத்தான் இருக்கும்."

பிறகு சொன்னாள். முற்றத்து நெல், மகளின் நனைந்த பாதம், உள்ளே ஒற்றை வெளிச்சம். குசுமா அன்று சமையற்கட்டில் சொன்னதை விட இவள் நன்றாகச் சொன்னாள். விளக்கு படிக்கு வந்த இடத்தில் பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"எனக்கு ஒரே ஒரு ஆசைதான்" என்று முடித்தாள் நிலாந்தி. "விளக்கு கையில இருக்கும்போது அந்த அப்பாவோட முகம் எப்படி இருந்திச்சுன்னு பாக்கணும். எனக்கு விளக்கு வெச்சப்போ எங்க அப்பா முகத்த நான் பாக்கல. தலையக் குனிஞ்சுகிட்டு நின்னேன்."

உட்கார்ந்தாள். தினூஷா அம்மாவைப் பார்த்தாள். விரல் வெட்டின கோப்பின் மேல் இருந்தது.

முகத்தைப் பாதியில் நிறுத்தி வைத்துவிட்டு, நாடா தேய்ந்துவிட்டது என்று இவளிடம் சொல்வதா? ஒரு பொய்யை இருபத்தெட்டு வருடம் சுமந்தது போதாதென்று அதற்கு ஒரு தங்கையையும் பெற்றுப் போடுவதா? மூன்று வாரமாக இல்லாத ஒரு தெளிவு குசுமாவுக்கு அந்த நேரத்தில்தான் வந்தது.

"மொத்தத்தையும் போடு" என்றாள்.

போட்டாள்.

நிறம் மங்கிப் போன படம். ஓரத்தில் கோடு கோடாக நடுங்கியது. மகள் வந்து நின்றாள். அப்பா விளக்கை எடுத்தார். குசுமா அன்று அக்கா வீட்டில் இதைப் பார்த்தபோது, இந்த டைரக்டருக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று கோபப்பட்டாள். அப்போது கவனிக்காத ஒன்றை இப்போது கவனித்தாள். அந்த மனிதர் உடனே ஊதவில்லை. ஊதுவதற்காக மூச்சை இழுத்தார், விட்டுவிட்டார். கதவைப் பார்த்தார். இரண்டாவது தரம் இழுத்தார். விளக்கின் சுடர் அவர் மூச்சுக்குச் சாய்ந்து நிமிர்ந்தது. மூன்றாவது தரம்தான் ஊதினார்.

இருட்டு. காய்ந்த நெல்லின் மேல் காலடிச் சத்தம். பெயர்கள் ஓடின.

முதலில் வாய் திறந்தது விமலரத்ன சேர்தான்.

"இது முழுசு இல்ல. இதுக்கப்புறம் இருக்கு."

"பேரெல்லாம் ஓடிடுச்சே சேர்" என்றாள் ரஞ்சனி.

"பேரு ஓடினா? அப்புறம் இன்னொரு தடவ பத்த வெச்சு வெளிய கொண்டு வருவார். நான் பாத்தேன். விளக்குல புகை சுத்தினது இன்னும் கண்ணுல நிக்குது."

"எங்க பாத்தீங்க? அன்னிக்கி நம்ம ஊர்ல கரண்டே இல்லையே."

"என் மச்சான் வீட்டுல பாத்தேன்."

"உங்க மச்சான் வீடு எங்க வீட்டுக்குப் பின் வீடுதானே சேர். எங்க வீட்டுல இருட்டு, அங்க மட்டும் வெளிச்சமா?"

சிலர் சிரித்தார்கள். சேர் குறிப்புத் தாளைப் பார்த்தார். அதில் உதவி இல்லை. பாவம், அவர் பொய் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டுக் கண்ணில் ஏறிய காட்சி அது. அந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு அதே நிலைதான், அவர் ஒருவர்தான் வாய் விட்டார்.

நடு வரிசையிலிருந்து ரஞ்சனியின் மருமகன் பேசினான். "எனக்கு இதுதான் சரியான முடிவுன்னு படுது. மூணு தடவ மூச்ச இழுக்கறார் பாருங்க. ரெண்டு தடவ மன்னிச்சிட்டார். மூணாவது தடவ முடியல. விளக்கப் படியில வெச்சிருந்தா நாம எல்லாம் நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்போம். இந்த மாதிரி உக்காந்திருக்க மாட்டோம்."

"நிம்மதியா வீட்டுக்குப் போனா என்ன தப்பு?" என்றாள் ஒரு கிழவி.

"தப்பில்ல அம்மா. ஆனா அது வேற கதை."

"வேற கதைதான் நாங்க கேட்டது. இத யாரோ மாத்திட்டாங்க." அந்தக் குரல் பின்வரிசையிலிருந்து வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு குரல், "கொழும்புல வெட்டிட்டாங்க. அந்த ஸ்டூடியோக்காரங்க வேலை" என்றது. தலைகள் எல்லாம் தினூஷாவின் பக்கம் திரும்பின. சேருக்கும் அது வசதியாக இருந்தது. "ஆமா, கம்ப்யூட்டர்ல எதையும் செய்யலாம்" என்றார்.

தினூஷாவின் முகம் சிவந்தது. வெட்டின கோப்பின் பேரும் துணியில் எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. அதை மூடப் போய், பதற்றத்தில் அதையே திறந்துவிட்டாள். துணியில் அந்த அப்பா விளக்கோடு கதவைப் பார்த்து, அப்படியே உறைந்து நின்றார்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா" என்றது பின்வரிசை.

குசுமா எழுந்தாள். இந்த வட்டத்தில் அவள் ஒரு நாளும் எழுந்து பேசியதில்லை. டீ ஊற்றுவதோடு சரி.

"முதல்ல காட்டினதுல என் மக எதையும் வெட்டல. இப்ப நிக்கறது எனக்காக வெட்டினது. அதக் காட்ட வேணாம்னு சொன்னதும் நான்தான். விளக்கு படிக்கு வந்ததே இல்ல. அன்னிக்கி நான் பாத்தது இப்ப நீங்க பாத்ததுதான். படியில வெச்சாருன்னு நானாச் சேத்து சொன்னேன்."

யாரோ நாற்காலியை நகர்த்திய சத்தம் கேட்டது.

"ஏன் சேத்தேன்னு கேக்காதீங்க. எங்க மாமனார் கேட்டுக்கிட்டு இருந்தார். அவ்வளவுதான்."

நிலாந்தி இருந்த பக்கம் பார்க்கத் துணியவில்லை. பின்னலின் நுனி மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது.

நிலாந்தி எழுந்தாள். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"டீ ஆறுது. வந்து எடுத்துக்கங்க" என்றாள். "சேர், நீங்க முதல்ல வாங்க. உங்களுக்குச் சீனி இல்லாம வெச்சிருக்கு."

வீட்டுக்கு வயல் வரப்பில் பத்து நிமிட நடை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நிலாந்தி முன்னால் நடந்தாள், குசுமா பின்னால், அதற்கும் பின்னால் தினூஷா கணினிப் பையோடு. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது குசுமாவுக்கு.

"நங்கி" என்று தங்கையை அழைக்கிற சொல்லால் கூப்பிட்டாள் கடைசியில். "என்னைத் திட்டிடு. ஊமையா வராத."

நிலாந்தி நின்றாள்.

"எதுக்குத் திட்ட?"

"உங்க அப்பாவ ஏமாத்தினேன். உன்னையும் ஏமாத்தினேன்."

"அப்பாவ நீங்க ஏமாத்தல அண்ணி. அவரு அந்த வாரத்தப் பாத்துட்டார்."

குசுமாவுக்கு முதலில் காதில் ஏறவில்லை.

"அன்னிக்கி அவரும் வீட்ல இல்லையே. நிலத் தகராறுன்னு போனது காலிக்குத்தான். அங்க கூட்டாளி வீட்ல உக்காந்து முழுசாப் பாத்தாராம். அந்த மனுஷன் விளக்க ஊதினதப் பாத்துட்டு, அவன் செஞ்சதுதான் சரின்னு நெனச்சுக்கிட்டே பஸ் ஏறினாராம். ஆஸ்பத்திரியில கடைசி மாசம் எங்கிட்ட சொன்னார்."

"என்னன்னு சொன்னார்?"

நிலாந்தி அப்பாவின் குரலைப் போல ஆக்கிக்கொள்ளவில்லை. தன் குரலிலேயே சொன்னாள்.

"'வந்து பேப்பர விரிச்சேன். உள்ள உங்க அண்ணி கதை சொல்லிக்கிட்டிருந்தா. விளக்கு வரைக்கும் சரியாச் சொன்னா. அப்புறம் படியில வெச்சாருன்னு சொன்னா. எனக்குப் பக்கத்தத் திருப்பக் கை வரல. அவ பொய் சொல்றான்னு அங்க இருந்தவங்கள்ல எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த வீட்டுல வாய் திறந்து உன் பேரச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்ல. கட்டிட்டு வந்த பொண்ணு அவ, உனக்காக என்கிட்ட அப்படித்தான் கேட்டா. கேட்டது மருமக, எப்படி இல்லன்னு சொல்றது' அப்படின்னார்."

வரப்பில் உட்கார இடமில்லை. குசுமா தென்னை மரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். கண்ணீர் தானாக வழிந்தது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை. அதற்கப்புறம் இருபத்திரண்டு வருடம் அந்த மனிதருக்குச் சோறு போட்டிருக்கிறாள், கால் பிடித்திருக்கிறாள். ஒரு நாளாவது காட்டிக்கொண்டாரா?

"ஆறு வருஷமா உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா மாசா மாசம் எழுந்து நின்னு அந்த விளக்கு சீனைச் சொன்ன?"

"எங்க வீட்ல நடந்ததத்தானே சொன்னேன். அதுல பொய் எங்க இருக்கு?" நிலாந்தி முந்தானையால் அண்ணியின் முகத்தைத் துடைத்துவிட்டாள். "ஆனா அவரு பாத்தத நானும் ஒரு தடவ பாக்கணும்னு இருந்திச்சு. அந்த இருட்டப் பாத்துட்டு வந்த மனுஷன், மூணு வாரத்துல விளக்கத் தூக்கிக்கிட்டு வெளிய வந்திருக்கார். எவ்வளவு தூரம் நடந்திருக்கார்னு இன்னிக்கித்தான் தெரிஞ்சுது."

தினூஷா எட்ட நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கணினிப் பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

மூவரும் மறுபடி நடந்தார்கள். வீட்டுக் கூரை தெரிந்தது. குசுமாவுக்கு மூன்று வாரத்தில் முதல் தடவையாகப் பசித்தது. மீன் பனிஸ் ஒன்றை எடுத்து வந்திருக்கலாம் என்றுகூட நினைத்தாள். அப்போதுதான் நிலாந்தி, சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல அண்ணி. ஊதலன்னு சொல்லியிருக்கலாம். ஓடி வந்து கட்டிப் புடிச்சாருன்னு சொல்லியிருக்கலாம், எல்லா நாடகத்துலயும் அதுதான் வரும். படியில வெச்சிட்டுப் பேசாம உள்ள போறதுன்னு, அந்த ஒரு நிமிஷத்துல எப்படித் தோணிச்சு?"

குசுமா நடையைக் குறைத்தாள்.

"தோணல. அது முன்னாடியே எங்கிட்ட இருந்திச்சு. அப்பா பேச்ச மீறி உங்க அண்ணனக் கட்டிக்கிட்டு ஒரு வருஷம் கழிச்சு எங்க வீட்டு வாசல்ல போய் நின்னேன். அப்பா உள்ளதான் இருந்தார், விளக்கு எரிஞ்சுது. அவரு பேச வேணாம், கட்டிப் புடிக்க வேணாம், விளக்கக் கொண்டு வந்து படியில வெச்சாப் போதும், நான் புரிஞ்சுப்பேன்னு நெனச்சுக்கிட்டே நின்னேன்."

"வெச்சாரா?"

"வெக்கல."

நிலாந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டு வாசல் வரை விடவில்லை.

பின்னால் வந்த தினூஷா படியருகே நின்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, அந்தத் தாத்தா இப்பவும் இருக்காரா?"

குசுமா திரும்பினாள். இந்தக் கேள்வியை இந்த வீட்டில் இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"இருக்கார்" என்றாள். "எண்பத்தாறு வயசு. கண்ணு தெரியாதாம்."